ஜான் கிளேரின் ஊரில் மூன்று நாள்: ஹெல்ப்ஸ்டன் விழாவுக்குப் போய் வந்தோம்

கவிஞர் பெயரில் விழா என்றதும் பெரிய கூடாரம், நுழைவுச்சீட்டு வரிசை, கையெழுத்து வாங்க நிற்கும் கூட்டம், இப்படி ஏதோ ஒன்றை நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். இங்கிலாந்தின் சின்னக் கிராமமான ஹெல்ப்ஸ்டனில் அதெல்லாம் கிடையாது. பழைய தேவாலயம், ஓலைக்கூரை போட்ட வெள்ளை வீடு, அதை ஒட்டி ஒரு பப், ஒரு பள்ளிக்கூடம், சுற்றிலும் வயல். அவ்வளவுதான் ஊர். அந்த ஊரை அங்குலம் அங்குலமாக எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு கூலித் தொழிலாளிக்காக வருடத்துக்கு ஒருமுறை, அவர் பிறந்த ஜூலை 13ஐ ஒட்டி வரும் வார இறுதியில், ஜான் கிளேர் சங்கத்தார் கூடுகிறார்கள். நடக்கிறார்கள், பேசுகிறார்கள், பாடுகிறார்கள். நானும் என் பத்து வயது மகளும் வெள்ளி காலை போய் ஞாயிறு மாலை திரும்பினோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நடக்கப் பிடிக்கும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். உட்கார்ந்து கேட்க மட்டும் வருவேன் என்றாலும் போகலாம், ஆனால் பாதிதான் கிடைக்கும்.

கிளேரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரொமான்டிக் கவிஞர்கள் என்று கல்லூரியில் வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ், பைரன், ஷெல்லி, கீட்ஸ் என்று வரிசையாக நடத்தினார்கள். எனக்கு நடத்திய பாடத்தில் கிளேர் பெயரே வரவில்லை. 1793இல் இதே ஊரில் பிறந்தவர். அப்பா களத்தில் கதிரடிக்கும் கூலி. கிளேரும் சின்ன வயதிலிருந்தே ஏர் பின்னால் போனவர், தோட்ட வேலை பார்த்தவர், சுண்ணாம்புச் சூளையில் வேலை பார்த்தவர். 1820இல் முதல் புத்தகம் வந்தது, கீட்ஸின் புத்தகங்களைப் போட்ட அதே ஜான் டெய்லர்தான் பதிப்பாளர். ஒரே வருடத்தில் மூவாயிரம் பிரதிக்கு மேல் விற்றது. லண்டனே 'உழவர் கவிஞர்' என்று கொண்டாடியது. அடுத்தடுத்த புத்தகங்கள் அப்படி விற்கவில்லை. வீட்டில் ஏழு பிள்ளைகள், கையில் காசில்லை, மனநோய் வேறு. 1837இல் எப்பிங் காட்டுப் பக்கம் ஒரு மனநல விடுதியில் சேர்த்தார்கள். 1841 கடைசியிலிருந்து நார்த்தாம்டன் மனநல மருத்துவமனையில் இருந்தார், 1864இல் அங்கேயே இறந்தார். உடலை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள்.

அந்தக் கல்லறையில்தான் விழாவின் உயிர் இருக்கிறது. ஜான் கிளேர் பெயரையே வைத்திருக்கும் ஊர்த் தொடக்கப் பள்ளியின் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பூத்தட்டு கொண்டுவந்து கல்லறையைச் சுற்றி வைக்கிறார்கள். அதற்கு மிட்சம்மர் குஷன் என்று பெயர். புல்லோடு மண்ணைச் சின்னச் சதுரமாக வெட்டி எடுத்து, அதில் வயல் பூக்களை நெருக்கமாகச் செருகி, கோடையில் வீட்டில் அழகுக்கு வைக்கும் பழைய கிராமத்து வழக்கம் அது, கிளேரே அதைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். 1832 வாக்கில் தன் கவிதைகளைத் தொகுத்து நல்ல கையெழுத்தில் படி எடுத்து அதற்கு இந்தப் பெயரைத்தான் வைத்தார். அவர் தொகுத்த வடிவில் அந்தப் புத்தகம் அச்சேறியது 1979இல். ஏறக்குறைய நூற்றைம்பது வருடம்! இதைக் கேட்ட பிறகு அந்தப் பிள்ளைகள் வரிசையாக வந்து தட்டை வைப்பதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. சில தட்டுகளில் பூ சாய்ந்து கிடந்தது, ஒரு பையன் வழியிலேயே பாதியைக் கொட்டிவிட்டு டெய்சிப் பூவைப் பொறுக்கித் திரும்பச் செருகிக்கொண்டிருந்தான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. முடிந்து பார்த்தால் கல்லைச் சுற்றி மஞ்சளும் ஊதாவும் வெள்ளையுமாக ஒரு கரை கட்டியிருந்தது. கல்லில் 'கவிஞன் பிறக்கிறான், உருவாக்கப்படுவதில்லை' என்ற பொருளில் ஒரு வரி செதுக்கியிருக்கிறார்கள்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைத் தவறவிடாதீர்கள், அதற்காகவே வெள்ளிக்கிழமை லீவு போடலாம். என் மகள் அன்று இரவே தங்கியிருந்த இடத்தின் பின்பக்கம் புல்லைப் பெயர்க்கக் கிளம்பிவிட்டாள், தடுக்க வேண்டியதாயிற்று.

சரி, பேச்சுகள். நான் மூன்று கேட்டேன். ஒன்று அவருடைய கையெழுத்துப் பிரதிகளைப் பற்றியது, அதை மறக்கவே முடியாது. கிளேர் கமா, முற்றுப்புள்ளி எதுவும் பெரும்பாலும் போடாமல் எழுதினார், எழுத்துக்கூட்டல் அவர் காதில் விழுந்தபடி. டெய்லர் அதையெல்லாம் திருத்திப் பதிப்பித்தார், ஊர்வழக்குச் சொற்கள் சிலவற்றை எடுத்தும் விட்டார். கிளேருக்கு அது பிடிக்கவில்லை, படிப்பில் இலக்கணம் என்பது ஆட்சியில் கொடுங்கோன்மை மாதிரி என்று டெய்லருக்கே கடிதம் போட்டார். இன்றும் ஆய்வாளர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள்: அவர் எழுதியபடியே அச்சிட வேண்டும் என்று ஒரு பக்கம், வாசகருக்காக நிறுத்தக்குறி போட்டால் தவறில்லை என்று மறுபக்கம். எனக்குக் கேட்டால் அப்படியே விட வேண்டும் என்பேன். பேச்சாளர் ஒரு கவிதையைக் குறியில்லாத வடிவிலேயே வாய்விட்டுப் படித்தார், மூச்சு எங்கே விட வேண்டும் என்று வரியே சொல்லிவிட்டது, ஒருவர் நம் பக்கத்தில் நடந்துகொண்டே 'இதைப் பாரு, அதோ அதைப் பாரு' என்று காட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. கிளேர் தானே காய்ச்சிய மையில் எழுதினாராம், அந்த மை பல இடங்களில் தாளையே அரித்துவிட்டதாம். அந்தப் பிரதிகள் பெரும்பாலும் பீட்டர்பரோவிலும் நார்த்தாம்டனிலும் இருக்கின்றன.

இன்னொரு பேச்சில் நான் பாதி வழியில் நின்றுவிட்டேன், கவிதைகளை முன்கூட்டிப் படித்து வந்தவர்களுக்கான பேச்சு அது. அதனால் போகும் முன் ஒரு பத்துக் கவிதையாவது படித்துவிட்டுப் போங்கள். குறிப்பாகப் பறவைக் கூடுகளைப் பற்றியவை. நைட்டிங்கேல் கூடு, மஞ்சள் குருவிக் கூடு, ஆட்காட்டிக் கூடு என்று ஒவ்வொன்றையும் குனிந்து, புதரை விலக்கிப் பார்த்து எழுதியிருக்கிறார். யெல்லோஹாமர் என்கிற மஞ்சள் குருவியின் முட்டையில் மையால் கிறுக்கியது போல கோடுகள் இருக்கும். அதைப் பார்த்து, கவிதை எழுதிய மாதிரி இருக்கிறது என்கிறார்.

இப்போது நடைக்கு வருகிறேன். நான் இந்த ஊருக்குப் போனதே இதற்காகத்தான்.

சனிக்கிழமை நடையில் முப்பது பேர் போல இருந்தோம். எழுபதைத் தாண்டிய ஒருவர் என்னோடு சேர்ந்து நடந்தார், வருடா வருடம் வருகிறவராம். கையில் பைண்டிங் பிய்ந்த கவிதைத் தொகுப்பு, பக்கங்களுக்கு நடுவே காய்ந்த இலைகள். ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் நின்று, கிளேரின் சிறு வயதுக் கதை ஒன்றைச் சொன்னார், கிளேரே தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியதுதான். வானமும் மண்ணும் தொடும் இடத்தில் உலகம் முடிகிறது, அந்த விளிம்பில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தால் கீழே பெரிய பள்ளம் தெரியும் என்று நம்பி, சின்னப் பையன் ஒருநாள் காலையில் தனியாகக் கிளம்பி எம்மன்சேல்ஸ் கரம்பு நோக்கி நடந்துகொண்டே போனான். போகப் போகத் தன் அறிவுக்கு வெளியே வந்துவிட்டேன், காட்டுப் பூக்களே என்னை மறந்துவிட்டது போல இருந்தது, சூரியன்கூட வானத்தில் இடம் மாறித் தெரிந்தது என்று எழுதுகிறார். 'அறிவுக்கு வெளியே' என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் நின்றுவிட்டேன். அவருக்கு அறிவு என்பது தலைக்குள் இருப்பதல்ல, நடந்து பழகிய நிலம். அந்த எல்லையைத் தாண்டினால் பூவுக்குக்கூட அவரைத் தெரியாது! அந்தக் கரம்பு ஊரிலிருந்து சில மைல்தான், இன்றைக்கு காஸ்டர் ஹாங்லண்ட்ஸ் இயற்கைக் காப்பிடத்தில் அடங்குகிறது.

அந்த ஒரு சொல்லோடுதான் மீதி நடை முழுவதையும் நடந்தேன்.

1809இல் நில அடைப்புச் சட்டம் இந்த ஊருக்கு வந்தபோது கிளேருக்குப் பதினாறு வயது. அதுவரை வேலியில்லாத பெரிய வயல்கள், ஊரார் மாடு மேய்த்த பொது நிலம், நம்மூரில் புறம்போக்கு என்போமே அது போல. விறகு பொறுக்கலாம், குறுக்கே நடக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். 1820க்குள் எல்லாம் அளந்து பிரித்து, வேலி போட்டு, தனியார் கைக்குப் போய்விட்டது. ஓடைகளை நேராக வெட்டினார்கள், மரங்களைச் சாய்த்தார்கள், பாதைகளை மூடி 'உள்ளே வராதே' பலகை நட்டார்கள். இதில் மனதை அறுக்கும் விஷயம், வயிற்றுப்பாட்டுக்காக அந்த வேலி நடும் கூலிக் கூட்டத்தில் கிளேரும் போய் வேலை செய்திருக்கிறார்.

நாங்கள் வேலி ஓரமாகப் போகும்போது உச்சிக் கொப்பில் ஒரு மஞ்சள் குருவி உட்கார்ந்து விடாமல் பாடிக்கொண்டிருந்தது. கூட வந்தவர் சொன்னார், கிளேர் வெறுத்த வேலிதான் இன்றைக்கு இந்தக் குருவிக்கு வீடு, இப்போது இந்த வேலியையும் பிடுங்கிவிட்டால் இதற்குப் போக்கிடம் இல்லை என்று. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, இருவரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஊரிலிருந்து நடந்து போகும் தூரத்தில் சுவாடிவெல் பிட் இருக்கிறது. கவிதையில் சுவோர்டி வெல். அந்தக் கவிதையில் நிலமே வாய் திறந்து பேசுகிறது: நான் ஊர்ப் பிச்சையில் விழுந்த நிலம், என்னைத் தோண்டுகிறார்கள், என் தோலை உரிக்கிறார்கள், என்னிடம் வந்த வண்டுக்கும் கழுதைக்கும்கூட நான் ஒன்றும் தர முடியவில்லை என்று புலம்புகிறது. அதன்பின் அந்த நிலத்துக்கு நடந்ததை நினைத்தால் கவிதை இன்னும் முடியவில்லையோ என்று தோன்றும். கல் வெட்டிய குழி, பிறகு குப்பை கொட்டும் இடம், பிறகு கார் ஓட்டப் பந்தயத் தடம். 2003இல் லாங்டைக் அறக்கட்டளை என்ற உள்ளூர் இயற்கை அமைப்பு அதை வாங்கியது. இன்று அங்கே ஆடு மேய்கிறது, குட்டையில் தும்பி பறக்கிறது. சுண்ணாம்புக் கல் மண்ணில் தேனீ ஆர்க்கிட் பூக்கிறது, பூவின் நடுவில் நிஜத் தேனீ உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். நாங்கள் போனபோது அதன் பருவம் முடிந்துகொண்டிருந்தது, வாடிய நிலையில் இரண்டைத்தான் பார்க்க முடிந்தது. இந்தப் பூவை கிளேர் இதே இடத்தில் பார்த்துக் குறித்திருக்கிறார். ஒருவர் அந்தக் கவிதையை அங்கேயே நின்று படித்தார். அறைக்குள் கேட்டிருந்தால் நல்ல கவிதை என்று நினைத்திருப்பேன். அந்த மண்ணின் மேல் நின்று அந்த மண் பேசுவதைக் கேட்பது வேறு.

மகளுக்குப் பிடித்தது நத்தை ஓடுகள். மஞ்சளிலும் இளஞ்சிவப்பிலும் பழுப்புக் கோடு போட்ட ஓடுகள் பாதை ஓரத்தில் கிடக்கும். கிளேர் ஊரில் அதற்குப் 'பூட்டி' என்று பேர், அவரும் சின்ன வயதிலிருந்து சேர்த்தவர். தேங்கிய தண்ணீருக்கு 'பட்ஜ்', பொறிவண்டுக்கு 'கிளாக்-எ-கிளே'. இந்தச் சொற்களையெல்லாம் என் மகள் இரண்டு நாளில் பிடித்துக்கொண்டாள், இப்போது வீட்டில் பாத்ரூம் தரையில் தண்ணீர் நின்றால்கூட பட்ஜ்தான்.

லாங்லி புஷ் பக்கம் தனியாகப் போனோம். ஜிப்சிகளும் இடையர்களும் கதை சொல்லிக்கொண்டிருந்த பழைய முள்மரம் நின்ற மேடு அது. மரத்தை அழித்துவிட்டார்கள் என்று 1824இல் கிளேர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இப்போது அங்கே வேறொரு முள்மரம் நட்டிருக்கிறார்கள். பார்க்க ஒன்றும் இல்லை என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும்.

கிளேர் பிறந்த வீட்டை ஜான் கிளேர் அறக்கட்டளை 2005இல் வாங்கி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அழகான நீள வீடு. ஆனால் கிளேர் காலத்தில் அது பல குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்த லயன் மாதிரி, அவர்களுக்கு அதில் ஒரு துண்டுதான். தோட்டத்தில் நின்ற ஒரே ஆப்பிள் மரத்தின் காய்ப்பை நம்பித்தான் வாடகை. இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள், இல்லாவிட்டால் வெள்ளையடித்த சுவரும் ஓலைக்கூரையும் உங்களை ஏமாற்றிவிடும். பக்கத்திலேயே புளூபெல் பப். கிளேர் பையனாக ஒரு வருடம் வேலை பார்த்தது அங்கேதான். அவர் பிடில் வாசிப்பவர், ஜிப்சிகளிடம் மெட்டுக் கற்றவர், நாட்டுப்புற மெட்டுகளை எழுதி வைத்தவர். அதனால் விழாவில் இசை ஒட்டவைத்தது போல இல்லை. மாலையில் பிடிலும் அக்கார்டியனுமாக ஒருவர் தொடங்க மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். மகள் என் மடியில் தூங்கிப்போனாள், நான் எழுந்திருக்கவே இல்லை.

சாப்பாடு சாண்ட்விச், கேக், டீ. சைவக்காரர்கள் சமாளிக்கலாம். காரம் வேண்டுமென்றால் கையில் கொண்டுபோங்கள்.

சிரமங்களையும் சொல்ல வேண்டும். ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது, இருந்ததை 1966இல் மூடிவிட்டார்கள். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து பீட்டர்பரோ ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும், அந்தக் கடைசி ஏழு மைல்தான் பாடு. பஸ் நேரத்தை முன்பே பார்த்துவிடுங்கள். ரயில்வே கேட் மூடினால் ஒன்றன்பின் ஒன்றாக வண்டி போகும் வரை நிற்க வேண்டும், அதற்கும் நேரம் வையுங்கள். சனி இரவு நான் சொல்லிவைத்த டாக்சி வரவே இல்லை. இரண்டு முறை போன் செய்தும் 'பத்து நிமிடம்' என்றே சொன்னார்கள், ஒன்றரை மணி நேரம் குழந்தையோடு இருட்டில் நின்றேன். கடைசியில் விழாவுக்கு வந்த ஒரு தம்பதி வழியை மாற்றிக்கொண்டு எங்களை இறக்கிவிட்டார்கள். அறையும் பக்கத்து ஊரில்தான் கிடைத்தது, படத்தில் காட்டிய அறை ஒன்று, கொடுத்த அறை வேறொன்று. ஜூலைக்கு மார்ச்சிலேயே பதிவு செய்யுங்கள். கார் இருந்தால் பாதித் தொல்லை இல்லை. ஷூ முக்கியம், முழுக் கால் பேண்ட் அதைவிட முக்கியம், பாதை முழுக்கக் காஞ்சொறிச் செடி.

இன்னொன்று: நைட்டிங்கேல் கேட்கலாம் என்று நினைத்து ஜூலையில் போகாதீர்கள். அது பாடுவது ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரைதான். அதன் பாட்டை அசை அசையாக எழுத்தில் பிடிக்கப் பார்த்தவர் கிளேர், எனக்கும் அந்த ஆசை இருந்தது. அதற்கு மே மாதம் ஒருமுறை தனியாகப் போக வேண்டும்.

விழாவின் அளவு எனக்குச் சரியாக இருந்தது. பேசியவரே மதியம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறார், தோன்றியதைக் கேட்கலாம். முப்பது பேர் நடையில் மகள் கேட்ட கேள்விக்கும் நின்று பதில் சொன்னார்கள்.

ஞாயிறு மதியம் தேவாலய ஆராதனை முடிந்ததும், ரயிலுக்கு நேரம் இருந்ததால், வேறொரு டாக்சி பிடித்துக் கிளிண்டன் வழியாக, கிளேர் பிறகு குடிபோன நார்த்பரோ வரை போனோம். கிளிண்டன் தேவாலயக் கோபுரம் வெகு தூரத்திலிருந்தே ஊசி போலத் தெரியும். அங்கே படித்தபோது பழகிய மேரி ஜாய்ஸை கிளேர் கடைசி வரை மறக்கவில்லை. 1841 ஜூலையில் எப்பிங் விடுதியை விட்டு வெளியேறி, கையில் காசில்லாமல், பசிக்குச் சாலையோரப் புல்லைத் தின்று, காலையில் திசை தெரிய வேண்டும் என்று வடக்கே தலை வைத்துப் படுத்து, நான்கு நாளில் எண்பது மைல் நடந்து வந்ததே அவளிடம் போகத்தான். மேரி மூன்று வருடம் முன்பே தீ விபத்தில் இறந்திருந்தாள். சொன்னார்கள், அவர் நம்பவில்லை. வழியில் வண்டியில் வந்து இறங்கிய மனைவி பேட்டியையும் முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மேரி கிளிண்டன் கல்லறையில் இருக்கிறாள், பேட்டி நார்த்பரோவில், கிளேர் ஹெல்ப்ஸ்டனில்.

நார்த்பரோ வீட்டை வெளியிலிருந்துதான் பார்க்கலாம், ஆள் குடியிருக்கிறது. ஆதரவாளர்கள் நல்ல வீடாகவே பார்த்துக் கொடுத்தார்கள், நிலமும் சேர்த்து. 1832இல் குடிவந்தார். வந்த பிறகு எழுதிய கவிதைகளில் பழைய ஊரின் மரத்தையும் பறவையையும் தேடித் தேடி அலைகிறார், இங்கே சூரியன்கூட வழி தவறியது போல இருக்கிறது என்கிறார். இங்கிருந்து ஹெல்ப்ஸ்டனுக்கு மூன்று மைல்.

மகள் டாக்சியில் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், "அம்மா, அந்த வீட்டுலேர்ந்து கிளேர் ஊருக்கு எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கேட்டாள். நடந்தால் ஒரு மணி நேரம் என்றேன். மடியில் பூட்டி ஓடுகளைக் கொட்டி எண்ணத் தொடங்கினாள். பதினேழு இருந்தது.